முன் சீட்டும் நாலு சக்கர இழுவையும்

1

எங்கள் கல்யாண நாளுக்கு மறுநாள் எங்கள் கார் பரீட்சையில் தோற்றுப்போனது.

ஜெர்மனியில் காருக்கும் பரீட்சை உண்டு. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை கொண்டுபோய் நிறுத்த வேண்டும். சுத்தியலும் டார்ச் லைட்டுமாக ஒருவர் அடியில் போய்த் தட்டித் தட்டிப் பார்ப்பார். நம் ஊர் எஃப்.சி. மாதிரிதான், ஆனால் இங்கே 'நம்ம ஆளு ஒருத்தர் அங்கன இருக்காரு' என்று சொல்ல யாரும் கிடையாது. தட்டிப் பார்த்தவர் வெளியே வந்து கையைத் துடைத்துக்கொண்டு, அடிச்சட்டம் துருப்பிடித்துவிட்டது, செலவு செய்வது வீண் என்றார். யாரோ வேண்டியவர் இறந்துபோனதைச் சொல்வது போன்ற தணிந்த குரல். எனக்கும் அப்படித்தான் இருந்தது. என் மகள் கயல் பேசப் பழகியதே அந்த வண்டியில்தான்.

அப்படியாக ஒரு சனிக்கிழமை கார் ஷோரூமில் போய் உட்கார்ந்தேன். கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்த விற்பனையாளர், ஓய்வு பெறும் வயதை நெருங்கியவர், முதல் கேள்வியே வித்தியாசமாகக் கேட்டார். "வண்டி எதற்கு? போய்வரவா, ரசித்து ஓட்டவா?"

இருபது வருஷமாக இந்த நாட்டில் யாரும் என்னிடம் ரசனையைப் பற்றிக் கேட்டதில்லை. பிறந்த தேதி, முகவரி, வரி எண், விசா, இவற்றைத்தான் கேட்டிருக்கிறார்கள். கூச்சமாக இருந்தது. "ரசித்துத்தான்" என்றேன்.

அப்படியானால் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றார். நான் பார்த்து வைத்திருந்த வண்டி இரண்டு விதமாக வருகிறது. ஒன்றில் நாலு சக்கரமும் இழுக்கும். இன்னொன்றில் முன் சக்கரங்கள் மட்டும் இழுக்கும், ஆனால் ஸ்போர்ட் சஸ்பென்ஷன் உண்டு. இரண்டையும் ஒரே வண்டியில் தொழிற்சாலை தருவதில்லை. நாலு சக்கர இழுவை வண்டி பனிக்காக உயர்ந்து நிற்கும், ஸ்போர்ட் சஸ்பென்ஷன் வண்டி தரையோடு தரையாகத் தாழ்ந்து நிற்கும், எப்படிச் சேர்ப்பது என்று இரண்டு கைகளையும் மேலும் கீழுமாக வைத்துக் காட்டினார்.

"உங்கள் மனைவிக்கு எது பிடிக்கும்?" என்று கேட்டார்.

எனக்கு ஜெர்மன் பேச வரும். ஆனால் வீட்டு விஷயம் என்றால் தமிழில் யோசித்து அப்படியே மாற்றிப் போட்டுவிடுவேன். "அவளுக்கு மலை ஆகாது" என்பதை அப்படி மாற்றிச் சொன்னேன். என் மனைவிக்கும் மலைகளுக்கும் ஏதோ மனஸ்தாபம் என்பதுபோல் அது போய்ச் சேர்ந்தது. அவர் மிகுந்த அனுதாபத்தோடு தலையசைத்தார்.

2

ஊரில் இருக்கிற உங்களுக்கு இந்தச் சிக்கலை நம் பாஷையில் சொல்லிவிடுகிறேன்.

நாலு சக்கர இழுவை உங்களுக்குத் தெரிந்ததுதான். போடியிலிருந்து ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப்பில் சின்ன கியர் ஒன்று இருக்கிறதே, மழையில் சேறாகிக் கிடக்கும் தோட்டப் பாதையில் அதைப் போட்டதும் வண்டி உறுமிக்கொண்டு ஏறுமே, அதுதான். இங்கே அது தானாகவே வேலை செய்யும். பனியில் ஒரு சக்கரம் வழுக்கினால் மற்றவை பிடித்துக்கொள்ளும்.

ஸ்போர்ட் சஸ்பென்ஷன் வேறு ரகம். ஸ்பிரிங் கெட்டியாக இருக்கும். வளைவில் திருப்பினால் வண்டி ஒருபக்கமாகச் சாய்ந்து ஆடாது, நிமிர்ந்தபடியே திரும்பும். ரோட்டில் கிடக்கும் சின்னக் கல்கூட முதுகில் வந்து சொல்லும். சொகுசு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் மலை ரோட்டில் ஸ்டியரிங்கைப் பிடித்தவனுக்கு அதைவிடச் சந்தோஷம் இல்லை.

எனக்கு அந்தச் சந்தோஷப் பைத்தியம் உண்டு. நான் பிறந்தது ஜெயமங்கலத்தில். ரோடெல்லாம் வயலுக்கும் தென்னந்தோப்புக்கும் நடுவே நேராகப் போகும் ஊர். கல்லூரி முடித்துவிட்டுச் சும்மா இருந்த நாட்களில் மாமாவின் மினி வேனில் காய்கறி ஏற்றிக்கொண்டு கம்பம், கூடலூர் தாண்டிக் குமுளி மலை ஏறினேன். முதல் கொண்டை ஊசி வளைவில் வண்டி என் கைக்கு அடங்கித் திரும்பியதும், என்னமோ நானே அந்த மலையை வளைத்துப் போட்டதுபோல் ஒரு தலைக்கனம் வந்தது. அது இன்னும் இறங்கவில்லை.

அப்பேர்ப்பட்டவனுக்கு வாய்த்த மனைவிதான் அமுதா. போடிக்காரி. அவள் அப்பாவுக்கு பஜாரில் ஏலக்காய்க் கடை. வீட்டு மாடியில் நின்றால் மேற்கே மலைதான் தெரியும். அந்த ஊர்ப் பெண்ணுக்கு மலை ஆகாது என்று தெரிந்தது கல்யாணமாகிப் பத்தாம் நாள்.

இரண்டு வீட்டாரும் சேர்ந்து வாடகை வேனில் மூணாறு போனோம். டிரைவருக்குப் பக்கத்துச் சீட்டு எனக்கு. அதில் கேள்விக்கே இடமில்லை. எங்கள் பக்கம் மாப்பிள்ளை என்றால் முன் சீட்டு. வண்டியில் எண்பது வயதுக் கிழவர் இருந்தாலும் 'மாப்பிள்ளை முன்னாடி ஏறுங்க' என்றுதான் சொல்வார்கள். அமுதா கடைசி வரிசையில், பட்டுச்சேலையும் தலைகொள்ளாத மல்லிகையுமாக இரண்டு அத்தைமார்களுக்கு நடுவே. மடியில் முறுக்குத் தூக்கு. முந்தல் தாண்டி மலை ஏறத் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் "நிப்பாட்டுங்க, நிப்பாட்டுங்க" என்று பின்னாலிருந்து கூச்சல். புதுப்பெண் ரோட்டோரக் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தாள்.

அவளுடைய அப்பாவின் அக்கா பேச்சியம்மா அத்தை அவள் நெற்றியைப் பிடித்துவிட்டபடியே, வேன் முழுக்கக் கேட்கும்படி, "என்ன மாப்ளே, பத்து நாளுக்குள்ளயா? பரவாயில்லையே!" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு எங்கே போய் முகத்தை வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. விசேஷம் ஒன்றுமில்லை என்று பிறகு தெரிந்தது. "அப்ப இவளுக்கு மலை ஆகாது போலருக்கு" என்று அத்தையே தீர்ப்பும் சொன்னார். அந்தத் தீர்ப்பு அப்படியே நிலைத்துவிட்டது. அதன்பின் மலை ஏறும் வண்டி எதிலும் அமுதாவுக்கு இடமில்லை. ஏறித்தான் ஆக வேண்டும் என்றால், கையில் ஒரு பாலிதீன் பையோடு கடைசிச் சீட்டு.

3

நாங்கள் குடியேறிய ஊர் ஆல்ப்ஸ் மலையடிவாரத்தில் இருக்கிறது. நான் பம்பு தயாரிக்கும் ஆலையில் வடிவமைப்பாளன். வேலைக்காகத்தான் வந்தோம். ஆனால் சமையலறை ஜன்னலில் மலை தெரியும் வீடு கிடைத்தது என் அதிர்ஷ்டம் என்று அன்று நினைத்தேன். அமுதாவின் துரதிர்ஷ்டம் என்றும் நினைத்தேன்.

கயல் பிறந்தபோது கார் வாங்கினோம். குழந்தைக்குப் பின் சீட்டில்தான் தொட்டில் இருக்கை. அமுதாவும் பின்னால் ஏறிக்கொண்டாள். பால் புட்டி, துடைக்கும் துணி, கிலுகிலுப்பை எல்லாம் அங்கேதான் குடியிருந்தன. கயல் வளர்ந்து பள்ளிக்குப் போனாள். அமுதா பின்னாலேயே உட்கார்ந்தாள். கயல் என் பக்கத்து இருக்கைக்கு வந்த பிறகும் அமுதா பின்னால்தான். கடைக்குப் போனால், மருத்துவரிடம் போனால், நாங்கள் இரண்டு பேர் மட்டும் போனால்கூட, அவள் கை பின் கதவுக்குத்தான் போகும். பழக்கம்.

ஒருநாள் போலீஸ் நிறுத்தியது. இளம் போலீஸ்காரர் மிக மரியாதையாக என் உரிமத்தைப் பார்த்துவிட்டு, "வாடகை வண்டிக்கான அனுமதி எங்கே?" என்றார். பின்னால் உட்கார்ந்திருப்பவர் பயணி இல்லை, என் மனைவி என்றேன். அவர் குனிந்து அமுதாவைப் பார்த்து, "அப்படியா?" என்று உறுதிப்படுத்திக்கொண்டார். அமுதா சிரித்துக்கொண்டே ஜெர்மனில், "டிரைவர் பரவாயில்லை" என்றாள். அன்று முழுக்க அந்த வார்த்தையைச் சொல்லி என்னைச் சீண்டிக்கொண்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை மட்டும் நான் தனியாகக் கிளம்புவேன். ஊரை விட்டு வெளியேறியதும் மலைச்சாலை தொடங்கிவிடும். மேலே ஒரு சிற்றூர் வரை போய், அங்கே ஒரு காபி குடித்துவிட்டு, திரும்பும்போது பேக்கரியில் சூடான ரொட்டி வாங்கி வருவேன். அமுதா கதவைத் திறந்து பையை வாங்கிக்கொண்டே, "ரோடு எப்படி இருந்துச்சு?" என்பாள். "நல்லா இருந்துச்சு" என்பேன். இது வருஷக்கணக்காக நடந்தது. பனிக்காலத்தில் மட்டும் இல்லை. எங்கள் பழைய வண்டி அந்த ஏற்றத்தில் வழுக்கும். அந்த மாதங்களில் ஞாயிற்றுக்கிழமை நான் ஜன்னலுக்கும் சோபாவுக்கும் நடந்துகொண்டிருப்பேன்.

கயல் சின்னவளாக இருந்தபோது சிலநாள் கூட வருவாள். வளைவு வந்தால், "அப்பா, இன்னொண்ணு!" என்று கத்துவாள். இப்போது வடக்கே ஒரு துறைமுக நகரத்தில் படிக்கிறாள். ஓட்டுநர் உரிமம் எடு என்றால் எதற்கு என்கிறாள், ரயில் இருக்கிறதாம். புது வண்டி வாங்குவதைப் பற்றிக் குடும்பக் குழுவில் எழுதினேன். "Appa" என்று மட்டும் நம் சொல்லில் ஆரம்பித்து, மீதியை ஜெர்மனில், இந்தக் காலத்தில் உங்களுக்குக் காரே தேவையா, யோசியுங்கள் என்று எழுதியிருந்தாள். தப்பாக ஒன்றும் சொல்லவில்லை. ஆனாலும் வீட்டில் இனி நாங்கள் இரண்டு பேர்தான் என்பது அந்தச் செய்தியைப் படித்தபோதுதான் எனக்கு உறைத்தது.

அதனால்தான் இந்தக் கார் விஷயத்தில் இவ்வளவு குழம்பினேன். என் மனசு ஸ்போர்ட் சஸ்பென்ஷன் பக்கம்தான் சாய்ந்தது. ஆனால் அதை வாங்கினால் ஞாயிற்றுக்கிழமைத் தனிமையை இன்னும் பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்குக் காசு கொடுத்து வாங்கியதுபோல் ஆகிவிடும். எனக்கு அது வேண்டாம். மலை ஏறும்போது என் பக்கத்துச் சீட்டில் அமுதா இருக்க வேண்டும். ஆசை என்று சொன்னால் இதுதான். இதற்கு எந்த சஸ்பென்ஷன் என்று விற்பனையாளரிடம் எப்படிக் கேட்பது?

ஊருக்குப் போய்விட்டு வந்து சொல்கிறேன் என்றேன். அவர் தன் காலண்டரில் ஒரு தேதியைச் சுற்றி வட்டம் போட்டுக்கொண்டார்.

4

அமுதாவின் அண்ணன் பாண்டி போடியில் புது வீடு கட்டிப் பால் காய்ச்சினார். அவர் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப் வைத்திருக்கிறார். பால் காய்ச்சிய மறுநாள் ஜீப்புக்கு ஓய்வு. எல்லாரும் போடிமெட்டு வரை போய்க் காற்று வாங்கிவிட்டு வரலாம் என்றார்.

வாசலில் ஜீப் வந்து நின்றது. "மாப்பிள்ளை, முன்னாடி ஏறுங்க" என்றார் பாண்டி. நான் ஏறினேன். பின்னால் எதிரும் புதிருமாக இரண்டு பெஞ்சு. ஒன்றில் பேச்சியம்மா அத்தையும் பேரப்பிள்ளைகளும், இன்னொன்றில் சாப்பாட்டுக் கூடைகளும் அமுதாவும். அவள் கையில் பாலிதீன் பை.

முந்தல் செக்போஸ்ட் தாண்டியது. ஏற்றம் தொடங்கியது. பாண்டி நல்ல டிரைவர். எதிரே ஏலக்காய் மூட்டையோடு இறங்கும் ஜீப்புகளுக்கு ஒதுங்கி வழிவிட்டு, வளைவுக்கு முன்னாலேயே கியரைக் குறைத்து, ஒரு ரிதத்தில் ஏற்றினார். ஜீப்பின் பட்டை ஸ்பிரிங் ஒவ்வொரு கல்லையும் என் முதுகெலும்புக்குத் தெரியப்படுத்தியது. சொர்க்கமாக இருந்தது. கீழே போடி நகரமும் அதற்கு அப்பால் தென்னந்தோப்புகளும் விரிந்துகொண்டே போயின.

"அண்ணே, நிப்பாட்டுங்க."

ஒதுக்கி நிறுத்தினார். அமுதா இறங்கிப்போய்க் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்தாள். முகம் வெளுத்திருந்தது. நான் தண்ணீர் பாட்டிலோடு ஓடினேன்.

பேச்சியம்மா அத்தை ஜீப்புக்குள்ளிருந்தே, "இவளுக்கு மலை ஆகாதுன்னு தெரியும்ல? வீட்டுலயே விட்டுட்டு வந்திருக்கலாம். பாவம், எம்புட்டுச் சங்கடப்படுதா" என்றார்.

அமுதா வாயைக் கொப்பளித்துவிட்டு நிமிர்ந்தாள். அவளுக்குக் கோபம் வந்தால் குரல் தாழும்.

"அத்தே, மலை ஆகாதுன்னு யாரு சொன்னது?"

"யாரு சொன்னதா? நாந்தான் சொன்னேன். கண்ணால பாத்தேன்ல ஆத்தா."

"லீவு விட்டா அப்பாகூட இதே ரோட்டுலதான போவேன், தோட்டத்துக்கு? ஒரு தடவ வாந்தி எடுத்தேனா? அண்ணே, நீங்க சொல்லுங்க."

பாண்டி தலையைச் சொறிந்தார். "இல்லயே… டிரைவருக்கும் அப்பாவுக்கும் நடுவுல உக்காந்துக்குவா. கியர் கம்பிக்கு ரெண்டு பக்கமும் காலப் போட்டுக்கிட்டு. வேகமாப் போங்கண்ணேன்னு டிரைவர உசுப்பேத்துவா. அப்பாதான் வைவாக."

நான் அமுதாவைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை, ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீ முன்னாடி ஏறு" என்றேன்.

"ஐயையோ, மாப்பிள்ளைய பின்னாடி உக்கார வைக்கிறதா? பாக்குறவுக என்ன சொல்லுவாக?" என்று அத்தை பதறினார்.

"மாப்பிள்ளை பழசாயிட்டேன் அத்தே" என்று சொல்லிவிட்டுப் பின்னால் ஏறிக் கூடைகளுக்கு நடுவே உட்கார்ந்தேன்.

வாழ்க்கையில் முதல்முறையாக மலை ரோட்டில் பின் பெஞ்சு. ஜீப் முன்னால் போகிறது, நான் பக்கவாட்டில் உட்கார்ந்திருக்கிறேன். ரோடு தெரியவில்லை. எந்தப் பக்கம் திரும்பப்போகிறது என்று கண்ணுக்குத் தெரிவதற்குள் உடம்பு திரும்பிவிடுகிறது. எதிரே அத்தையின் முகம் வலமும் இடமுமாக ஆடுகிறது. கூடையிலிருந்து புளியோதரை வாசனை வருகிறது. முதல் வளைவில் பல்லைக் கடித்துக்கொண்டேன். இரண்டாவதில் கம்பியைப் பிடித்தேன். அதற்கடுத்ததில் எனக்குக் காதடைத்து, நாக்குக்கு அடியில் எச்சில் ஊறி, நெற்றி வேர்த்துவிட்டது. அமுதா சீட்டில் விட்டுப்போன பாலிதீன் பை நல்லவேளையாகக் கைக்கு எட்டியது.

அத்தை என் நெற்றியைப் பிடித்துவிட்டார். பிள்ளைகள் கைகொட்டிச் சிரித்தன. கொஞ்சம் தெளிந்து நான் நிமிர்ந்ததும் அத்தை கேட்டார்: "ஏன் மாப்ளே, எத்தன மாசம்?"

ஜீப்பே குலுங்கச் சிரித்தோம். சிரித்து முடித்து முன்னால் பார்த்தேன். அமுதா கண்ணாடியைக் கீழே இறக்கி முழங்கையை வெளியே வைத்திருந்தாள். கலைந்த முடியை ஒதுக்கக்கூட இல்லை. ஒவ்வொரு வளைவுக்கும் முன்னாலேயே அவள் தலை அந்தப் பக்கம் லேசாகச் சாய்ந்தது. ரோடு அவளுக்குத் தெரிந்திருந்தது. பாண்டியிடம் ஏதோ சொன்னாள். காற்றில் பாதிதான் கேட்டது. "இன்னும் கொஞ்சம் வேகமா" என்பதுபோல் இருந்தது.

எனக்குக் கண் கலங்கியது. வாந்தி எடுத்தால் கண் கலங்கும் என்று அத்தை பிள்ளைகளுக்கு விளக்கிக்கொண்டிருந்தார். நானும் அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

5

போடிமெட்டில் குளிர்காற்று வீசியது. மற்றவர்கள் கேரள எல்லைப் பக்கம் வேடிக்கை பார்க்கப் போனார்கள். நானும் அமுதாவும் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தோம். என்னைப் பார்த்த கடைக்காரர், கேட்காமலேயே இஞ்சி தட்டிப்போட்டு எனக்கு ஒரு டீ கொடுத்தார்.

"இத்தன வருஷமா ஏன் சொல்லல?" என்றேன்.

"என்னன்னு சொல்ல? கல்யாணமான புதுசுல முன்னாடி உக்காரணும்னு கேக்க முடியுமா? அத்த கொன்னு போட்டிருப்பாக. அப்புறம் புள்ள. அப்புறம் எனக்கே மலை ஆகாதுன்னு தோணிருச்சு. எல்லாரும் சொல்லும்போது நம்மளும் நம்பிருவோம்ல."

"ஞாயித்துக்கெழம நான் தனியா போறப்பவாவது, நானும் வாரேன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?"

டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க சாவிய எடுக்கும்போது உங்க மொகத்த நீங்க பாத்ததில்ல. வாரம் பூராவும் ஆபீஸ், வெள்ளக்காரன் பாஷை, பேப்பரு. அந்தக் காலையில மட்டுந்தான் நீங்க ஜெயமங்கலத்துப் பையன் மாதிரி இருப்பீக. அதுல வந்து நான் ஏன் குறுக்க உக்காரணும்னு இருந்துட்டேன். தனியாப் போறதுதான் உங்களுக்குப் புடிக்கும்னு நெனச்சேன்."

"நான் உனக்கு மலை ஆகாதுன்னு நெனச்சேன்."

"தெரியும். அதான் வந்ததும் ரோடு எப்படி இருந்துச்சுன்னு கேப்பேன். நீங்க விவரமாச் சொல்லுவீகன்னு பாப்பேன். நல்லா இருந்துச்சுன்னு ஒரே வார்த்தையில முடிச்சிருவீக. பனி இருந்துச்சா, மாடு குறுக்க வந்துச்சா, அந்த வளைவுல என்ன தெரிஞ்சுது, ஒண்ணும் சொன்னதில்ல. எனக்கு ஆசையா இருக்கும்."

நான் அவளுடைய அந்தக் கேள்வியை மரியாதைக்குக் கேட்பது என்று நினைத்திருந்தேன். நாம் 'சாப்பிட்டாச்சா' என்று கேட்போமே, அப்படி. கையைப் பிடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. நம் ஊர் டீக்கடையில் எப்படிப் பிடிப்பது? என் டீயில் பாதியை அவள் டம்ளரில் ஊற்றினேன். இஞ்சி தூக்கலாக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே குடித்தாள்.

இறங்கும்போதும் அவள்தான் முன் சீட்டில். நான் நின்றுகொண்டே கம்பியைப் பிடித்து, அவள் தோளுக்கு மேலாக ரோட்டைப் பார்த்தபடி வந்தேன். அதனால் பெரிய சேதம் இல்லை.

6

திரும்பி வந்த சனிக்கிழமை இருவருமாக ஷோரூமுக்குப் போனோம். வழியெல்லாம் நான் மனசுக்குள் கணக்குப் போட்டு முடித்திருந்தேன். சிக்கல் தீர்ந்தது. அவள் இனி பக்கத்தில்தான். ஜீப்பின் கெட்டி ஸ்பிரிங்கே அவளுக்கு ஒத்துக்கொண்டது. ஸ்போர்ட் சஸ்பென்ஷன் வண்டி வளைவில் ஆடாது, அவளுக்கும் நல்லது, எனக்கும் கொண்டாட்டம். ஒரே கல்லில் இரண்டு மாங்காய்.

விற்பனையாளர் வாசலுக்கு வந்து அவளுக்குக் கை கொடுத்தார். "மலைகளோடு சமாதானமாகிவிட்டதா?" என்று கேட்டார். அமுதா புரியாமல் என்னைப் பார்த்தாள். அப்புறம் சொல்கிறேன் என்றேன்.

முதலில் ஸ்போர்ட் வண்டி. அமுதா அனிச்சையாகப் பின் கதவைத் தொட்டாள். தொட்ட கையை எடுத்து, முன்னால் வந்து, கதவைத் திறந்து உட்கார்ந்தாள். சீட் பெல்ட் எங்கே இருக்கிறது என்று தேடினாள். அந்தச் சீட்டில் அவள் பெல்ட் போட்டதே அபூர்வம். ஊருக்கு வெளியே மலைச்சாலையில் கொஞ்ச தூரம் ஏறினோம். நான் அவளுக்காக ஒவ்வொரு வளைவிலும் உருட்டிக்கொண்டு போனேன்.

"ஏன் இப்படிக் கட்டவண்டி மாதிரிப் போறீக? பின்னாடி வாரவன் வைவான்" என்றாள்.

அழுத்தினேன். வண்டி நிமிர்ந்தபடி வளைந்தது. அமுதா வாய்விட்டுச் சிரித்தாள். கயல் சின்ன வயதில் சிரித்த அதே சிரிப்பு, யாரிடமிருந்து வந்தது என்று இப்போது தெரிந்தது. இதுதான், முடிந்தது என்று நினைத்தேன். பிறகு நாலு சக்கர இழுவை வண்டியையும் ஓட்டிப் பார்த்தோம். நல்ல வண்டிதான். ஆனால் கொஞ்சம் உயரம், கொஞ்சம் ஆட்டம், கொஞ்சம் வயசானவர்களுக்கான அடக்கம்.

மேஜைக்குத் திரும்பினோம். விற்பனையாளர் இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டுப் பேனாவைத் திறந்தார். நான் ஸ்போர்ட் வண்டியின் படத்தை அவர் பக்கம் நகர்த்தினேன்.

"இருங்க" என்றாள் அமுதா. ஜெர்மனில் அவரிடம் கேட்டாள்: "பனிக்காலத்தில் மேலே அந்தச் சிற்றூர் வரை எந்த வண்டி போகும்?"

அவர் நேர்மையானவர். நல்ல பனி டயர் இருந்தால் இரண்டுமே ஓரளவு போகும், டயர்தான் முக்கியம் என்றார். ஆனால் அந்த ஏற்றத்தில், புதுப் பனி விழுந்த காலையில், நம்பிப் போக வேண்டுமென்றால் நாலு சக்கரமும் இழுக்கிற வண்டிதான் என்றார்.

அமுதா இன்னொரு படத்தை எடுத்து மேலே வைத்தாள்.

நான் தமிழில், "உனக்கு அந்த வண்டிதான புடிச்சிருந்துச்சு? சிரிச்சியே. வளைவுல அதுதான் ஆடாது, உனக்கும் நல்லது" என்றேன்.

"ஆமா, அதுதான் நல்ல வண்டி. நீங்களும் அதுலதான் நல்லா ஓட்டுனீக."

"அப்புறம் என்ன?"

விற்பனையாளர் பேனாவைப் பிடித்தபடி எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். அமுதா என் பக்கம் திரும்பி, சின்னப்பிள்ளைக்கு விளங்க வைப்பதுபோல் மெதுவாகச் சொன்னாள்:

"ஞாயித்துக்கெழம பனிக்காலத்துலயும் வருதுல்ல?"

உங்கள் மனைவி என்ன சொல்கிறார் என்று விற்பனையாளர் என்னிடம் கேட்டார். அமுதா மேலே வைத்த படத்தின் மேல் விரலை வைத்து, இது என்று மட்டும் காட்டினேன்.